இரண்டாவது பொட்டு

எங்கள் அப்பா மிளகாய் அரைப்பவர். பினாங்கில் குயின் ஸ்ட்ரீட் கடைத்தெருவோடு சேரும் மூலைக்குச் சற்று உள்ளே எங்கள் மாவு மில் இருக்கிறது. மில் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு மின்சார மோட்டார், அதிலிருந்து தோல்பட்டையில் ஓடும் ஒரு பெரிய சக்கரம், இரண்டு அரைவை இயந்திரங்கள், கூரை மரம் வரை படிந்த தூசு. அவ்வளவுதான். கான்வெண்டில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் சிலர், என் புத்தகங்களில் மசாலா வாடை வருகிறது என்று மூக்கைப் பிடித்ததுண்டு. கணக்கில் அவர்களைவிட அதிக மார்க் வாங்கிய பிறகு, அந்தப் புத்தகங்களை இன்னும் கொஞ்சம் அவர்கள் பக்கமாகவே நகர்த்தி வைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா இன்றும் கைநாட்டுதான். இப்போது நானே ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லித் தருகிறேன். தலைக்கு மேலே ஆகாய விமானம் போகும் சத்தம் கேட்டால் என் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து ஜன்னலுக்கு ஓடுகிறார்கள். ஓடாதே என்று சொல்லவேண்டிய நான் அவர்களுக்கு முன்னால் அங்கே நிற்கிறேன். தலைமையாசிரியை இதற்காக என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அவருக்கு நான் முழுக் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் ஒரு பாடவேளை போதாது.

காரணம், எங்கள் மாடியறையில் சில வருஷங்கள் குடியிருந்த ஒருவர்.

அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டேன். அவருடைய அப்பா சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. மகனைக் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பி எஞ்சினியரிங் படிக்க வைத்தார். படித்துவிட்டு வந்தவருக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் படம் வரையும் வேலை கிடைத்தது. காலையில் பெர்ரி ஏறிப் போவார், மாலையில் திரும்புவார். மெலிந்த உடம்பு. சட்டைப்பையில் எப்போதும் பென்சில் துண்டுகள். கேட்ட கேள்விக்கு உடனே பதில் வராது. நாம் கேட்டதையே மறந்துபோன பிறகு, மாடிப்படியில் நின்றுகொண்டு பதில் சொல்வார். அவருடைய அரங்களையும் திருப்புளிகளையும் யாராவது இடம் மாற்றி வைத்தால் மட்டும் கோபம் வரும். அப்போது அந்த மனிதரா இவர் என்று தோன்றும்.

அவர் குடிவந்து கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம் மில் நின்றதும் கீழே இறங்கி வந்தார்.

"ஐயா, வேலை முடிஞ்சதும் அரைமணி நேரம் மோட்டாரை எனக்குக் குடுப்பீங்களா?"

"எதுக்கு தம்பி?" என்றார் அப்பா.

"ஒரு காத்தாடி சுத்திப் பாக்கணும்."

"மாடியில வெக்கையா இருக்குன்னா சொல்லுங்க. ஜன்னலப் பெருசாக்கித் தர்றேன்."

"எனக்குக் காத்து வேணாம் ஐயா. அந்தக் காத்தாடியே மேல போகணும்."

அப்பா அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "தம்பிக்குச் சாப்பாடு ஒழுங்காப் போடுறியா இல்லியா?" என்றார்.

ஆகாய விமானம் என்றால் ஓட்டப்பந்தயக்காரன் போல நீண்ட தூரம் ஓடித்தான் எழும்பும், ஓடித்தான் நிற்கும். அவருக்கு வேண்டியது ஓடாமல் நின்ற இடத்திலிருந்து நேராக மேலே போய், நேராகக் கீழே இறங்கும் ஒரு வண்டி. மேல்நாட்டில் சிலர் இதற்காக முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஹெலிகாப்டர் என்று பெயர் என்பதை அவர் மேஜையில் கிடந்த ஆங்கிலப் பத்திரிகைகளில் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் அதற்குக் கடைசிவரை காத்தாடி மிஷின் என்றுதான் பெயர்.

இந்த எண்ணம் எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டேன். பறவை, தும்பி என்று அழகாக ஏதாவது சொல்வார், பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதலாம் என்று காத்திருந்தேன். அவருடைய வழக்கப்படி அன்று பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, குழாயடியில் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"எங்க தோட்டத்துல ஒரு வருஷம் வெள்ளம் வந்து பாலத்தைத் தூக்கிட்டுப் போச்சு தங்கச்சி. ரப்பர் மரத்துல பால் வெட்டுற ஒரு அக்காவுக்குப் பிரசவம் சிக்கலாயிடுச்சு. இக்கரையில நாங்க, அக்கரையில டாக்டரோட மோட்டார் காடி. டாக்டரை எனக்குக் கண்ணுக்குத் தெரியுது. குடை பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. அவ்வளவுதான் அவரால முடிஞ்சது."

"அந்த அக்கா?"

அவர் துண்டால் கையைத் துடைத்தார். "தோட்டம் பூரா மரம். காலியா இருக்கிற இடம் பெரட்டுக்களம் ஒண்ணுதான்" என்றார். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் முற்றத்தைத்தான் பெரட்டுக்களம் என்பார்கள். "அந்த எடத்துல எறங்கணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் ஆசையில்ல."

அந்தக் கட்டுரையை நான் எழுதவே இல்லை.

அப்பா மோட்டாரைக் கொடுத்துவிட்டார். கொடுத்த முதல் நாள் மிளகாய் அரைத்த நாள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அண்ணன் தரையைச் சுத்தமாகக் கூட்டினார். முழங்கை நீளத்தில் இரண்டு மர இறக்கைகளை ஒரு தண்டில் பொருத்தி, தண்டை நிமிர்த்தி நிறுத்தி, பட்டையை மாட்டினார். இறக்கை சுற்ற ஆரம்பித்தது. தரையைக் கூட்டியவர் கூரையைக் கூட்டவில்லை. வருஷக்கணக்காக மரங்களில் படிந்திருந்த மிளகாய்த் தூள் அத்தனையும் சிவப்பு மேகமாக இறங்கி, வாசல் வழியாகத் தெருவுக்குப் போனது.

எதிரே பட்டுப்புடவைக் கடை. அதன் முதலாளி வாயைத் துணியால் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "யோவ் மில்லுக்காரரே! என்னய்யா இது? கடைக்கு வந்த பொம்பளைங்க எல்லாம் அழுதுக்கிட்டுப் போறாங்க. நான் எதோ ஏமாத்திட்டேன்னு நெனைக்கப் போறாங்க லா!"

"ஏமாத்தாமலா மாடி கட்டின?" என்று தும்மலுக்கு நடுவே கேட்டார் அப்பா.

அம்மா தண்ணீர்ச் செம்போடு ஓடினாள். நான் தாவணியால் முகத்தை மூடிக்கொண்டேன். அண்ணன் மட்டும் கண்ணை மூடவில்லை. தாரைதாரையாகக் கண்ணீர் வழிய, மூக்கு ஒழுக, அந்த இறக்கை நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, இங்க வாங்க! நுனியப் பாருங்க! காத்து அப்படியே சுருண்டு சுருண்டு எறங்குது பாருங்க!"

கண்ணைத் திறந்து பார்த்தேன். எரிந்தது. ஆனாலும் பார்த்தேன். இறக்கை நுனியிலிருந்து சிவப்புத் தூள், ஜாங்கிரி பிழியும்போது மாவு விழுவதுபோல வளையம் வளையமாக இறங்கியது. காற்றை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை.

மறுநாள் அவர் அப்பாவிடம் மஞ்சள் தூள் கேட்டார். கண் எரியாது, பார்க்கவும் தெளிவாக இருக்கும் என்றார். "கல்யாண வீட்டுக்குக்கூட இவ்வளவு மஞ்சள் போகாது தம்பி" என்று முணுமுணுத்தாலும், மஞ்சள் அரைக்கும் நாளில் தரையில் சிந்தியதைக் கூட்டி ஒரு தகர டப்பாவில் போட்டு வைக்கத் தொடங்கினார் அப்பா. எத்தனையோ மாலைகள் அந்த மஞ்சள் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகச் சுற்றும் இறக்கைக்கு மேலே தூவி, அது போகும் வழியைப் பார்த்துப் பார்த்து, அண்ணன் மரத்தைச் செதுக்கினார். நுனியை ஒடுக்கினார். நடுவில் ஒரு முறுக்குக் கொடுத்தார். பிடிக்காவிட்டால் புது மரம். எனக்கு ஒரே மாதிரி தெரிந்த இறக்கைகள் மாடியறைச் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்து நின்றன. பின்கட்டில் அம்மா உலர்த்திய புடவை, வேட்டி எல்லாம் மஞ்சளாகிவிட்டன. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் கல்யாணம் நிச்சயமான மாதிரி இருக்கிறது என்று எதிர்க்கடைக்காரர் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சுற்றும் இறக்கை தன்னைத் தாங்கும் வண்டியை எதிர்ப்பக்கம் சுற்றிவிடும் என்பது அடுத்த தொல்லை. அதற்கு, ஒரே தண்டில் மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி இறக்கைகள் வைத்து, இரண்டையும் எதிரெதிராகச் சுற்ற வைத்தார். இதைச் சொல்ல ஒரு வரி போதுமாயிருக்கிறது. செய்ய அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பட்டறையில் நாள் முழுவதும் கப்பல் படம் வரைந்துவிட்டு வந்து, சாப்பாடு ஆறிப்போவதையும் கவனிக்காமல் பற்சக்கரங்களை அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். ஒருநாள்கூட அலுத்துக்கொண்டதை நான் கேட்டதில்லை. படித்தால் உத்தியோகம், உத்தியோகம் கிடைத்தால் படிப்பு முடிந்தது என்றுதான் நானும் அதுவரை எண்ணியிருந்தேன். படித்து முடித்த ஒருவர் தனக்கே புதுப் பாடம் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுவதை அந்த மாடியில்தான் பார்த்தேன்.

கடைசியில் பெரிய மிஷின் உருவானது. ஆள் ஏறக்கூடியதல்ல; நாலு கால் உள்ள சட்டம், நடுவே ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின், மேலே அப்பாவைவிட நீளமான நாலு இறக்கைகள். மரச்சட்டத்தின் மேல் மெல்லிய பட்டுத்துணி ஒட்டி மெருகு பூசிய இறக்கைகள். அந்தப் பட்டுத்துணியைக் கொடுத்தவர் எதிர்க்கடைக்காரர்தான். ஜோடியில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எடை தலைமுடி அளவும் மாறக்கூடாது. வேகமாகச் சுற்றும்போது சிறு வித்தியாசமும் பெரிய உதைப்பாக மாறும் என்று சொல்லி, ஒவ்வொரு பாகத்தையும் அடுத்த தெருப் பத்தரிடம் கொண்டுபோய்த் தங்கம் நிறுக்கும் தராசில் நிறுத்தார்.

"தாலிக்குக்கூட நான் இப்படி எடை பாத்ததில்ல தம்பி" என்றார் பத்தர்.

"தாலி சுத்தாது பத்தரே."

"ஆமா. கட்டினவன்தான் சுத்துவான்."

இங்கிலாந்தில் சுழலும் இறக்கையோடு விமானம் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு அண்ணன் நெடுநாளாக எழுதிவந்தார். மரியாதையான பதில்கள் வரும், வேறொன்றும் வராது. பெரிய மிஷின் முடியும் தறுவாயில், அவர்களுடைய எஞ்சினியர் ஒருவர் கப்பலில் ஜப்பான் பக்கம் போகிறார், பினாங்கில் கப்பல் ஒரு பகல் நிற்கும், விருப்பமானால் காட்டலாம் என்று செய்தி வந்தது. மிஷின் எழும்பினால் அவர்கள் தன்னைச் சேர்த்துக்கொள்ளக்கூடும். எழும்பாவிட்டால், இன்னொருவர் அந்தக் கடலைத் தாண்டித் தன்னைப் பார்க்க வரப்போவதில்லை. இதை அண்ணன் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"எழும்பலேன்னா மரத்தையெல்லாம் உங்க அடுப்புக்குக் குடுத்துடுறேன் அம்மா."

"மெருகு பூசின மரம் எனக்கு வேணாம். சாம்பார் நாறும்" என்றாள் அம்மா. அவள் பேச்சை வேறு பக்கம் திருப்பினாள் என்பது எனக்குத் தெரிந்தது. அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பட்டறையில் அவருக்குப் பெரிய வேலை தருவதாக இருந்தார்கள். ஏற்றுக்கொண்டால் மாலையும் அங்கேதான். இந்த ஒரு நாளுக்காக அவர் அதற்குப் பதில் சொல்லாமல் வைத்திருந்தார்.

கப்பல் வரும் நாள் விஜயதசமியாக அமைந்தது. "நாள் நாம பாத்து வைக்கல. சரஸ்வதியே வச்சிருக்கா" என்றார் அப்பா. அதுவரை இரண்டு வருஷமாக அந்த மிஷினைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

முதல்நாள் ஆயுத பூஜை. காலையில் அண்ணன் இறக்கைகளைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்து, துணியில் சுற்றி மில்லுக்குள் சாய்த்துவிட்டு, கோட்டைக்குப் பக்கத்துத் திடலில் மிஷினைக் கட்ட முளையடிக்கப் போய்விட்டார். மாலையில் மில்லைக் கழுவிக் கோலம் போட்டோம். அப்பா குளித்துவிட்டு வந்து, மோட்டாருக்கு ஒரு பொட்டு, பெரிய சக்கரத்துக்கு ஒரு பொட்டு, அரைவை இயந்திரங்களுக்கு, தராசுக்கு, முறத்துக்கு என்று வைத்துக்கொண்டே வந்தார். பள்ளிப் புத்தகங்களுக்கு வைக்கும்போது மட்டும் கொஞ்சம் நின்று, தான் படிக்கமுடியாத அந்த அட்டைகளைத் தடவிப் பார்ப்பார். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். அன்று புத்தகங்களோடு நிற்கவில்லை. சுவரோரம் போய், ஒரு துணியை விலக்கி, மேல் ஜோடி இறக்கை ஒன்றின் அகலமான இடத்தில் உள்ளங்கை அளவுக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். மோட்டாருக்கு வைத்ததைவிடப் பெரிய பொட்டு. கையைக் கூப்பிவிட்டு, துணியைப் பழையபடி சுற்றினார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அந்த மிஷின் எங்கள் வீட்டு மிஷின் ஆகிவிட்டது என்று இருவருக்கும் சந்தோஷம்.

மறுநாள் காலையில் மாட்டுவண்டியில் எல்லாவற்றையும் ஏற்றித் திடலுக்குப் போனோம். அப்பா, அம்மா, பத்தர், நான். அன்றைக்கு நான் பள்ளிக்கு லீவு போட்டிருந்தேன். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை என்னிடம் கொடுத்திருந்தார் அண்ணன். பெண்பிள்ளை திடலில் நின்று கயிறு இழுப்பதா என்று அம்மா முதலில் முகம் சுளித்தாள். "தங்கச்சி பதற மாட்டாங்க அம்மா. உங்க வீட்டுல பதறாத ஆள் அவங்க ஒருத்தங்கதான்" என்று சொல்லிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார்.

துணியைப் பிரித்ததும் அண்ணன் அந்தப் பொட்டைப் பார்த்தார். பார்த்து, அப்பாவைப் பார்த்துச் சிரித்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு இறக்கையைத் தண்டில் பூட்டினார். அவர் பட்டறையில் கடைசல் இயந்திரத்துக்குப் பொட்டு உண்டு, பெர்ரி ஓட்டுபவரின் சக்கரத்துக்குப் பொட்டு உண்டு, வாடகைக் காடிக்கும் உண்டு. எங்களில் யாருக்கும் பொட்டு என்பது ஒரு பொருளாகவே கண்ணில் படுவதில்லை. மிஷின் என்றால் அதற்கு ஒரு பொட்டு. பத்தராவது சொல்லியிருக்கலாம், அவர் ஆயுசே எடை பார்ப்பதில் போகிறது. அவருடைய தராசிலும் அன்று ஒரு பொட்டு இருந்திருக்கும்.

வெள்ளைக்கார எஞ்சினியர் வந்தார். உயரமான, வெயிலில் சிவந்த மனிதர். மிஷினைச் சுற்றிவந்து, பற்சக்கரங்களைக் குனிந்து பார்த்து, தலையை ஆட்டினார். நாலு கால்களிலிருந்தும் கயிறுகள் முளைகளுக்கு ஓடின. அண்ணன் எஞ்சினைக் கிளப்பினார். இறக்கைகள் மெதுவாகப் புறப்பட்டு, வேகம் பிடித்து, வட்டமாயின. புல் ஆடியது.

பிறகு மிஷின் உதைத்தது. எழும்பவில்லை. காய்ச்சல்காரனுக்கு வரும் நடுக்கம் போலத் தொடங்கி, வேகம் ஏற ஏற, நாலு காலும் மாறிமாறித் தரையை இடித்தன. ஒரு முளை மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

"இழுங்க!" என்றார் அண்ணன். நான் இழுத்தேன். எஞ்சின் நின்றது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டானா பாரு" என்றார் அப்பா.

"திருஷ்டிதான். நேத்தே சுத்திப் போட்டிருக்கணும்" என்றாள் அம்மா.

"திருகாணி ஏதாச்சும் லூசா?" என்றார் பத்தர்.

வெள்ளைக்கார எஞ்சினியர் பற்சக்கரப் பெட்டியில் கோளாறு இருக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதைப் பிரித்தால் அன்றைக்குள் பூட்ட முடியாது என்றும் சொன்னார். சொல்லிவிட்டுத் துறைமுகத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் கடற்காற்று எழும்பினால் திடலில் எதையும் பறக்கவிட முடியாது.

அண்ணனின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவர் எங்கள் ஒருவருடைய பேச்சையும் பிடித்துக்கொண்டு ஓடவில்லை. அதைத்தான் நான் இன்றும் என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பயத்தில் இருக்கிறவன் முதலில் கிடைத்த காரணத்தைப் பிடித்துக்கொள்வான். அவர் தரையில் உட்கார்ந்து, மிஷின் இடித்த தடங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். "எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இடிச்சிருக்கு. இது சுத்துறதுல இருக்கிற கோளாறு" என்றார், தனக்குத்தானே. "எடை பாப்போம்."

பெட்டியிலிருந்து கத்தி முனை போன்ற இரும்பு ஒன்றை எடுத்துச் சட்டத்தில் வைத்தார். கீழ் ஜோடியைக் கழற்றி நடுவில் தாங்க வைத்தார். தராசுத்தண்டு போல ஆடி, மட்டமாக நின்றது. மேல் ஜோடியை வைத்தார். ஒரு பக்கம் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டது. அந்தப் பக்கத்தின் நடுவே, அப்பா வைத்த பொட்டு.

அவர் அதைப் பார்த்தார். நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்துவிட்டார்.

அப்பாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன் கண்டதில்லை. "தம்பி, நான்... ஐயோ" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு துடைக்க ஓடினார்.

அண்ணன் அவர் கையைப் பிடித்தார். "துடைக்காதீங்க ஐயா. காஞ்சு பட்டோட ஒட்டியிருக்கு. தேச்சா துணி கிழிஞ்சிடும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"சந்தனம் மிச்சம் இருக்கா?"

விஜயதசமி ஆரம்பம் என்று அம்மா பூஜைத் தட்டோடுதான் வந்திருந்தாள். கிண்ணத்தில் சந்தனம் இருந்தது. அண்ணன் அதை அப்பாவிடமே கொடுத்தார். "எதிர் எறக்கையில, அதே எடத்துல ஒண்ணு வைங்க. நான் சொல்றப்ப நிறுத்துங்க."

அப்பா வைத்தார். அண்ணன் முழங்காலிட்டு, கண்ணைத் தண்டின் மட்டத்துக்கு வைத்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம். இன்னும். இருங்க. ஒரு சிட்டிகை எடுங்க. குங்குமம் வைங்க. ம்... போதும்." தராசுத்தண்டு போல ஆடிய இறக்கை மட்டமாக வந்து நின்றது. பத்தர் குனிந்து பார்த்து, "சுத்தம்" என்றார். தங்கத்தைப் பார்த்து அவர் சொல்லும் அதே குரல். ஈரச் சந்தனம் உலர்ந்தால் எடை குறையுமே என்று அண்ணன் மட்டும் கவலைப்பட்டு, உடனே பூட்டினார்.

மறுபடி எஞ்சின் கிளம்பியது. நான் கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். இறக்கைகள் வட்டமாயின. இரண்டு மஞ்சள் புள்ளிகள் சேர்ந்து ஒரே மஞ்சள் வளையமாகத் தெரிந்தன. புல் வட்டமாகப் படுத்தது. மில்லில் மஞ்சள் தூள் காட்டிய அதே வட்டம். இப்போது தூள் இல்லாமலே தெரிந்தது. கால்கள் தரையை விட்டன.

முதலில் ஒரு முழம். பிறகு என் இடுப்பு உயரம். பிறகு கயிறுகள் விறைத்து நிற்கும் உயரம். அங்கேயே நின்றது. ஓடாமல், சாயாமல், எழும்பிய இடத்துக்கு நேர் மேலே. அம்மா வாய்விட்டு முருகா என்றாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அண்ணன் கீழே நின்றபடி ஒரு கம்பியால் எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க, அது தன் நாலு கால் தடங்களின் மேலேயே வந்து உட்கார்ந்தது. அவர் அந்தத் தடங்களைச் சுற்றிக் காலால் அடியெடுத்து அளந்தார். என்ன கணக்கு என்று எனக்குத் தெரியும். பெரட்டுக்களத்தில் இடம் மிச்சமிருக்கும்.

வந்த எஞ்சினியர் தொப்பியைக் கழற்றினார். நெடுநேரம் இருவரும் பேசினார்கள். பெரும்பாலும் எனக்குப் புரிந்தது. புரியாத சொற்களை மனத்தில் குறித்துக்கொண்டேன். கடைசியில் வெள்ளைக்காரர் மேல் ஜோடி இறக்கைகளைக் காட்டி, அந்த மஞ்சள் வட்டங்கள் என்ன என்று கேட்டார்.

"பேலன்ஸ் வெயிட்" என்றார் அண்ணன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

"என்ன பொருள்?"

"சந்தன மரம்."

அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். நல்ல யோசனை என்று சொன்னார். நான் இதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னபோது, "கேட்டியா, நல்ல யோசனையாம்!" என்று அவர் பத்தர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

சில மாதங்களில் இங்கிலாந்திலிருந்து அழைப்பு வந்தது. துறைமுகத்துக்கு நாங்கள் எல்லாரும் போனோம். அம்மா மாங்காய் ஊறுகாய் கொடுத்தாள். அப்பா ஒரு தகர டப்பா மஞ்சள் தூள் கொடுத்தார். இந்தமுறை தரையில் கூட்டியதல்ல. கப்பல் ஏறும் முன்பு நான் கேட்டேன்.

"அண்ணே, அன்னைக்குத் துடைச்சா உண்மையிலேயே துணி கிழிஞ்சிருக்குமா?"

வழக்கம்போல உடனே பதில் வரவில்லை. இந்தமுறை பதிலுக்குக் காத்திருக்க மாடிப்படியும் இல்லை. அதனால்தானோ என்னவோ, கப்பல் படியேறப் போனவர் திரும்பி வந்தார்.

"ஈரத்துணியால ஒத்தி எடுத்திருந்தா போயிருக்கும். ஆனா உங்க அப்பா அப்புறம் எந்த மிஷினுக்கும் பொட்டு வச்சிருக்க மாட்டாரு."

அங்கே முதலில் இறக்கைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலையில்தான் போட்டார்களாம். இப்போது இறக்கைகளைத் தண்டோடு இணைக்கும் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. ஆள் உட்காரும் மிஷின் ஒன்று, இன்னும் கயிறு கட்டித்தான், எழும்புகிறது. பத்திரிகைகளில் வேறு பெயர்கள் வருகின்றன. அவர் பெயர் வருவதில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு. அவருக்கு இல்லை என்று அவர் எழுதுவதிலிருந்து தெரிகிறது. பெரட்டுக்களத்தில் இன்னும் எதுவும் இறங்கவில்லை. இறங்கும். அவரைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

போன ஆயுத பூஜைக்கு அப்பா வழக்கம்போலக் குளித்துவிட்டு வந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். மோட்டாருக்கு ஒன்று. பெரிய சக்கரத்துக்கு வந்ததும் மேலே ஒன்று வைத்து, சக்கரத்தைக் கையால் பாதி சுற்றுத் திருப்பி, நேர் எதிரே இன்னொன்று வைத்தார். இப்போது எல்லா வருஷமும் அப்படித்தான். புதிதாக வந்த வேலையாள் ஒருவர், எதற்கு முதலாளி ரெண்டு பொட்டு என்று கேட்டார்.

"இது படிச்சவங்க வைக்கிற பொட்டு" என்றார் அப்பா. "ரெண்டும் ஒரே எடை இருக்கணும். சந்தேகமா இருந்தா என் மகளக் கேளு."

நான் குனிந்து, கண்ணைச் சக்கரத்தின் மட்டத்துக்கு வைத்துப் பார்த்தேன். கீழே இருந்ததில் ஒரு சிட்டிகை கூடுதலாக இருந்தது. எடுத்தேன்.